நம்மைப் புகழாத புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பர்மாவைப் பற்றிப் படிக்க வேண்டியவை என்று போன மழைக்காலத்தில் நீங்கள் எழுதியதைப் பார்த்து, கிடைத்ததையெல்லாம் படித்து முடித்தேன். சில காகிதத்தில், மற்றவை போனில். நான் கோயில் வகுப்பில் தமிழ் படித்தவன். பர்மியம்தான் எனக்கு வேகமாக வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். நார்மன் லூயிஸின் பயண நூல் ‘கோல்டன் எர்த்’ எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. இந்த நாட்டை இவ்வளவு பிரியமாகப் பார்த்த வெள்ளைக்காரர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. ஆர்வெல்லின் ‘பர்மீஸ் டேஸ்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். அதில் வரும் டாக்டர் வீராசாமி வெள்ளைக்காரர்களைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நம்மவரை இப்படியா காட்டுவது? மைக்கேல் அடாஸின் ‘தி பர்மா டெல்டா’ வரலாற்று நூல் முழுக்கக் கணக்குதான். செட்டியார்கள் நிலத்தை வளைத்துப் போட்டார்கள் என்று எங்கள் பக்கத்து வீட்டு பர்மியர் சொல்வதைத்தான் அதுவும் புள்ளிவிவரத்தோடு சொல்வதாக எனக்குப் பட்டது. படிக்கக் கூச்சமாக இருந்தது. அதே வட்டிக்கடைகளை ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் படித்தபோது பெருமையாக இருந்தது. வெ. சாமிநாத சர்மா 1942ல் இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்த கதையைப் படித்து அழுதேன். மலேசிய எழுத்தாளர் சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நல்ல விஷயம், ஆனால் எழுத்து சுமார்தான்.

பயணி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எழுதுகிறார். நாவலாசிரியர் கற்பனை செய்கிறார். வரலாற்றாசிரியர் சர்க்கார் காகிதத்தைப் பார்த்து எழுதுகிறார். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் பர்மாத் தமிழன் யாரை நம்புவது? நம்மைப் பற்றி நியாயமாக எழுதிய ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள் ஐயா. என் தங்கைக்கும் கொடுக்க வேண்டும்.

மோல்மேனிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் எனக்குப் பெரிய சந்தோஷம். நம் பிள்ளைகளில் தமிழில் இவ்வளவு படிக்கிறவர்களே குறைவு. படித்துவிட்டு இது பிடித்தது, இது பிடிக்கவில்லை என்று துணிந்து எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு.

நீங்கள் கேட்கும் அந்த ஒரே புத்தகம் என்னிடம் இல்லை. இருந்தாலும் தங்கைக்கு முதலில் அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் அபிப்பிராயங்களை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். பயணமோ வரலாறோ நாவலோ, எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: நம்மவரை மரியாதையாகக் காட்டியதா? காட்டியது என்றால் பிடித்திருக்கிறது, இல்லையென்றால் மூடிவிட்டீர்கள். இந்த நாட்டில் நாம் பட்டதை நினைத்தால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு புத்தகத்தை எடை போட்டால், நமக்கு மிகவும் வேண்டிய புத்தகங்கள்தான் முதலில் கைநழுவிப் போகும்.

செட்டியார் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான்.

1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபோது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்பும். நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. இவ்வளவையும் வெட்டித் திருத்தியவர்கள் பெரும்பாலும் மேல்பர்மாவிலிருந்து இறங்கி வந்த ஏழை விவசாயிகள். காட்டை வெட்டி, மாடு வாங்கி, முதல் அறுவடை வரும்வரை சாப்பிட அவர்களுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார பேங்குகள் சேற்றில் நிற்கிறவனுக்குக் கடன் தரவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்த கடைகள் தந்தன. 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள். விவசாயி எங்கே இருந்தாலும் ஒரு நாள் பயணத்தில் ஒரு கடைக்குப் போய்விடலாம் என்ற நிலை. நிலம்தான் ஈடு.

அப்புறம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. உங்களுக்குக் கூச்சம் தந்த கணக்கு இதுதானே?

இப்போது அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். லேவாதேவிக்காரனுக்கு நிலம் சுமை. அவனுக்கு வேண்டியது சுழலும் ரொக்கம். அந்நிய நாட்டுச் சேற்றில் போட்ட பணம் மாட்டிக்கொள்வதை எந்தக் கடை முதலாளியும் விரும்பியிருக்க மாட்டான். மாட்டிக்கொண்ட பணமும் கடைசியில் போய்விட்டது. போர் வந்தது, சுதந்திரம் வந்தது, 1948ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. செட்டிநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அதில் ஒடிந்து போயின. இதெல்லாம் உண்மை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டன் தான் வெட்டித் திருத்திய வயலிலேயே குத்தகைக்கு உழுதிருந்தால், அதுவும் உண்மை. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இறங்காத அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நிஜமான வயல் இருக்கிறது. கணக்குப் புத்தகம் எனக்குக் காட்டிக்கொடுத்தது அதை. வளைத்துப் போட்டார்கள் என்ற வசையையும், நாங்கள் இல்லாவிட்டால் டெல்டாவே இல்லை என்ற நம் வீம்பையும் ஒருசேர நிறுத்தி வைக்க அந்த எண்களால்தான் முடிகிறது. எனக்கு இந்த வரலாற்று நூல்கள் மேல் இருக்கும் மரியாதை அதனால்தான்.

சிங்காரம் வேறு இடத்தில் நிற்கிறார். இந்தோனேசியாவின் மேடான் நகரில் ஒரு கடையில் வேலைக்குப் போனவர் அவர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மேலிருந்து கீழ்வரை கடை ஆட்களின் அந்த உலகத்தை உள்ளே இருந்து பார்த்தவர். சின்ன வயதில் கப்பலேறி, பெட்டியடியில் குனிந்து கணக்கெழுதியே வளர்ந்த பையன்கள் அடாஸின் பக்கங்களில் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்காகவே அந்த நாவலை நான் நேசிக்கிறேன். ஆனால் பெருமையாக இருந்தது என்கிறீர்களே, அங்கே மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தமிழரின் பழம்பெருமைப் பேச்சை இவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்ட நாவல் தமிழில் அதிகம் இல்லை. நண்பர்கள் உட்கார்ந்து வாதிடும் பகுதிகளை இன்னொரு முறை படியுங்கள். மீசையை முறுக்கிக்கொள்ள அதில் இடமே இல்லை.

சரி, வீராசாமிக்கு வருவோம். பாதியில் மூடியிருக்கக் கூடாது தம்பி.

அவருடைய வராந்தாவில் நடக்கும் அந்தப் பேச்சை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரனான ஃப்ளோரி, எங்கள் ஆட்சியே கொள்ளை என்கிறான். இந்திய டாக்டர் பதறிப்போய் அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறார். கசப்பான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் ரயில்வேயிலும் தபாலாபீசிலும் வேலை பார்த்த நம்மவர் பலருக்கு ஆங்கிலேயன்தான் சம்பளம், அவன்தான் பாதுகாப்பு. பர்மியர்களின் கோபத்துக்கும் வெள்ளையரின் ஏளனத்துக்கும் நடுவில் நின்றவர் எதைப் பிடித்துக்கொள்வார்? வீராசாமி வெள்ளைக்காரர் கிளப்பில் ஓர் இடத்துக்கு ஏங்குவது அந்தப் பயத்தில். ஊர் நீதிபதி உ போ ஜின்னின் சூழ்ச்சியிலிருந்து தன்னைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசியில் அந்த விசுவாசத்துக்கு என்ன கிடைத்தது? பதவி இறக்கி மாண்டலேவுக்கு மாற்றல். நாவலாசிரியருக்கு அவர்மேல் ஏளனம் இருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அந்த முடிவு வரைக்கும் போகாமல் அதைச் சொல்லாதீர்கள்.

ஆர்வெல்லிடம் எனக்கு உண்மையான வருத்தம் வேறு இடத்தில். பர்மாவில் போலீஸ்காரராக இருந்த அவர் 1936ல் எழுதிய யானையைச் சுட்ட கட்டுரை நடப்பது உங்கள் ஊரில்தான், மோல்மேனில். மதம் பிடித்த யானை மிதித்துச் செத்தவன் ஒரு திராவிடக் கூலி. சேற்றில் குப்புறக் கிடக்கிறான். அவனுக்குப் பெயர் இல்லை. எங்கிருந்து வந்தான், யார் அழுதார்கள், ஒன்றும் இல்லை. ஒரு கூலிக்காக யானையைச் சுடுவதா என்று இளம் வெள்ளையர்கள் அங்கலாய்க்கிறார்கள். அவன் செத்தது சட்டப்படி எனக்கு வசதியாகப் போயிற்று, அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று எழுதுகிறவரே ஒப்புக்கொள்கிறார். உலகம் முழுக்கப் பாடமாகப் படிக்கிறார்கள் அந்தக் கட்டுரையை. எல்லோரும் யானைக்காக இரங்குகிறார்கள். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் சேற்றில் கிடந்தவன் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். இருந்தாலும், அப்படி ஒருவன் அந்த ஊரில் அப்படிச் செத்தான் என்று இன்று நாம் பேச முடிவதே, தன் மனதின் அழுக்கை மறைக்காமல் அந்தப் போலீஸ்காரர் எழுதி வைத்ததால்தான். நம்மைப் புகழ்ந்து எழுதிய யாரும் அவனை எழுதவில்லையே.

1942க்கு வருகிறேன். சாமிநாத சர்மா ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர், மனைவியோடு நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தவர். அவர் புத்தகத்தைப் படித்து அழுதது சரிதான், நானும் அழுதிருக்கிறேன். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வெளியேறினார்கள். வழியில் செத்தவர்கள் 10,000 என்பாரும் உண்டு, அதைப் போலப் பல மடங்கு என்பாரும் உண்டு. எண்கள் திணறும் இடத்தில் இரண்டு பேர் நடந்த கதை எவ்வளவு சொல்லிவிடுகிறது! ஆனால் அது போனவர்களின் கதை. மோல்மேன் ஜனவரி 31ஆம் தேதியே ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. உங்கள் ஊர்த் தமிழர்கள் பலருக்கு வடக்கே நடக்க வழியே இருந்திருக்காது. இருந்துவிட்டவர்களின் 1942ஐ யாரும் உட்கார்ந்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை. நாம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

‘சயாம் மரண ரயில்’ பற்றி நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. எழுத்து சீராக இல்லாத இடங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊரிலிருந்து தன்பியூசயாத் எவ்வளவு தூரம்? ஒரு காலைப்பொழுதில் போய்வரலாம். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையின் பர்மா முனை அது. அங்கே நேச நாட்டுக் கைதிகளுக்கு 3,000க்கும் மேற்பட்ட கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களும் சேர்ந்த ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஒரு தடவை அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நடந்துவிட்டு வந்து அந்த நாவலைத் திரும்ப எடுங்கள். நடையின் குறை அப்போதும் தெரியும். அந்த நாவல் எதற்காக எழுதப்பட்டது என்பதும் தெரியும்.

லூயிஸைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, அருமையான கண் அவருக்கு. ஒன்று மட்டும். அவர் பார்த்தது 1951. பயணி அன்றைய தினத்தைத்தான் பார்ப்பான், அது அவன் குற்றமில்லை. அடுத்து வந்தது நமக்குத் தெரியும். 1964ல் ராணுவ ஆட்சியில் கடைகள் நாட்டுடைமையாகி, மே 17ஆம் தேதி 50, 100 ஜாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, அடுத்த சில ஆண்டுகளில் இந்தியர்கள் 3 லட்சம் பேர் அளவில் கப்பலேறினார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் கடைத்தெருக்களைப் பற்றி எழுதியதைப் படித்தால் அந்தப் பிரியமான புத்தகமே கனத்துப்போகும்.

தங்கைக்கு என்ன கொடுப்பது? மா மா லேயின் ‘வெறுப்பினால் அல்ல’ நாவலைக் கொடுங்கள். 1955ல் வந்தது. பர்மியத்திலேயே படிக்கச் சொல்லுங்கள், யாங்கோனில் பன்சோடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். டெல்டா ஊரில் நெல் வியாபாரி வீட்டுப் பெண் வே வே. அவளைக் கட்டிக்கொள்ளும் உ சோ ஹான் ஆங்கிலேயக் கம்பெனி உத்தியோகஸ்தர். சாப்பாடு, உடுப்பு, பழக்கம் எல்லாம் வெள்ளைக்காரர் மாதிரி. அன்பினாலேயே அவளை மூச்சுத் திணற அடிக்கிறார். நம்மவர் யாரும் அதில் முக்கியமான ஆள் இல்லை. ஆனால் வீராசாமியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது உ சோ ஹான்தான். தன்னை ஆளும் வெள்ளைக்காரனைப் போலவே ஆகிவிடத் துடிக்கும் ஆசை நம்மவருக்கு மட்டும் வந்த நோயில்லை என்று தெரிந்தது. பர்மியர்களும் அதில் எரிந்திருக்கிறார்கள். அதை ஒரு பெண், வீட்டுக்குள் இருந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

தமிழில் உங்கள் கை தடுமாறுகிறது என்று சங்கடப்படுகிறீர்கள். சிங்காரத்தையும் மா மா லேயையும் அவரவர் மொழியிலேயே படிக்க முடிகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அடாஸுக்கோ லூயிஸுக்கோ அந்த வசதி இல்லை. வே வே கல்யாணமாகிப் போன புதிதில் அந்த வீட்டுச் சாப்பாட்டோடு படும் பாட்டை மட்டும் எடுத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். பிழை இருந்தால் நான் திருத்துகிறேன். தீபாவளிக்குள் அனுப்பினால் இங்கேயே போடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்கள் வயல் எந்த ஊரில் இருந்தது என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
யாங்கோன்