அறிவுரை சொல்லாத ஏழு பேர் வேண்டும்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். வயது 36. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். ஒருவர் அரசு வேலைக்கான பிஎஸ்சி (PSC) தேர்வுக்குப் படிக்கிறார், ஒருவர் தென்னந்தோப்பு பார்க்கிறார், ஒருவர் குடியை விட நினைக்கிறார். எனக்குக் கோபமும் போனும்தான் பிரச்சினை. ஒருவருக்கொருவர் துணையாக இருந்து எங்களைச் சரிப்படுத்திக்கொள்ள ஒரு குழு தொடங்க ஆசை. போன வருடம் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் குட்மார்னிங் படங்கள் மட்டும்தான் மிஞ்சின. எத்தனை பேர் வேண்டும், எங்கே கூடுவது, என்ன பேசுவது? ஒரு நல்ல பேச்சாளரை அழைத்துத் தொடங்கலாமா? பெண்களையும் சேர்க்கலாமா?

பதில்: பேச்சாளர் வேண்டாம். அவர் பேசிவிட்டுப் போன சூடு இரண்டு நாள் இருக்கும், மூன்றாம் நாள் ஆறிவிடும். அதைவிடப் பெரிய தொந்தரவு, முதல் நாளே நீங்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களாகிவிடுவீர்கள். அடுத்த வாரம் "இன்னிக்கு யாரு பேச வர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவீர்கள். பிளெக்ஸ், திறப்பு விழா, பஞ்சாயத்து மெம்பர், பொன்னாடை எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். பெயர்கூட இப்போது வேண்டாம். பெயர் வைத்தால் லோகோ கேட்பார்கள், லோகோ வந்தால் தலைவர் யார் என்று கேட்பார்கள்.

ஆட்களை அழைக்கும்போதே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுங்கள்: இதில் பணம் கிடையாது. உங்கள் பகுதியில், எல்லைக்கு இரண்டு பக்கமும், வாராவாரம் கூடுவது என்றால் ஜனங்களுக்குச் சேமிப்பும் கடனும்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கேரளத்தில் 1998-இல் வந்த குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கப் பெண்கள் கூடும் குழுக்கள்), அப்புறம் வீட்டு வாசலுக்கே வந்து தவணை வாங்கும் மைக்ரோ பைனான்ஸ்காரர்கள். இத்தனையும் பார்த்தவர்களிடம் போய் "ஒரு குழு ஆரம்பிக்கிறோம், வாங்க" என்றால், "எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். கேட்காதவர்கள், ஏதோ செயின் மார்க்கெட்டிங் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள். சேமிப்பு இல்லை, கடன் இல்லை, விற்பனை இல்லை, கட்சி இல்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். டீக்காசை ஆளுக்கு ஒரு வாரம் கொடுத்துவிடலாம். உறுப்பினர்களுக்குள் கைமாற்றும் கூடாது. ஐந்நூறு ரூபாய் பாக்கி வைத்தவர் அந்த வாரம் வரமாட்டார், அதற்கடுத்த வாரமும் வரமாட்டார்.

எத்தனை பேர் என்பதை நேரம்தான் முடிவு செய்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தால் வீட்டிலிருந்து போன் வரும். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் ஏழு பேருக்கு எழுபது நிமிடம். தொடங்கப் பத்து, முடிக்கப் பத்து. எட்டாவது ஆள் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். ஐந்துக்குக் கீழே இறங்கினால், இரண்டு பேர் வராத நாளில் கூட்டமே இல்லை.

எண்ணிக்கையைவிட, யாரோடு யார் உட்காருகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். மாமன் மச்சான், பங்காளி ஒரே வட்டத்தில் வேண்டாம். சூப்பர்வைசரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் வேண்டாம். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நிச்சயமாக வேண்டாம். இப்படிக் கழித்தால் ஒரே ஊரில் ஏழு பேர் தேறுவது கஷ்டம்தான். அதனால் வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் பாருங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் வருகிற ஆள், தெருக்கோடியில் இருக்கும் ஆளைவிட ஒழுங்காக வருவார். புறப்படுவதற்கு அவர் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கிறார்.

இனி ரகசியம். "இங்கே பேசியது வெளியே போகாது" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். சின்ன ஊரில் பேச்சு வெளியே போவது பெரும்பாலும் வன்மத்தால் இல்லை, அக்கறையால். அதனால் பொதுவாகச் சொல்லாமல், இடம் இடமாகப் பேசி முடிவு செய்யுங்கள். டீக்கடையில் பெயர் சொல்லாமல்கூடப் பேசக் கூடாது, ஏனென்றால் "நம்ம ஆள் ஒருத்தர், லாரி ஓட்டறவர்" என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மனைவியிடமும் சொல்லக் கூடாது, இதைத்தான் பலரால் காப்பாற்ற முடியாது. மூன்றாவது இடத்தை யாரும் யோசிப்பதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த ஆளையே பார்க்கிறீர்கள், பக்கத்தில் அவருடைய மாமனார் நிற்கிறார். "அந்த விஷயம் என்னாச்சுங்க?" என்று பாசமாகக் கேட்கிறீர்கள். தீர்ந்தது. வெளியில் பார்க்கும்போது அவராக எடுத்தால்தான் பேச்சு, இல்லாவிட்டால் மழையும் தேங்காய் விலையும் போதும். என் கதையை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், இன்னொருவர் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடத்துக்கு உங்கள் ஊர் வாயனசாலையை, அதாவது கிராம நூலகத்தை, கேட்டுப் பாருங்கள். 1945-இல் பி.என். பணிக்கர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் இந்த வசதி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் இப்படி ஒன்று எளிதில் அமையாது. செயலாளரிடம் சொல்லி, வாசிப்பு நேரம் முடிந்த பிறகு ஒரு மூலை வாங்குங்கள். அந்த வாயனசாலைக்குக் கட்சி நிறம் பலமாக இருந்தால் விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட வராந்தாவைத் தேடுங்கள். யார் வீட்டிலும் வேண்டாம். வீட்டுக்காரர் தன்னாலேயே தலைவராகிவிடுவார், அவர் மனைவி டீ போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். என்ன பேசினாலும் சரி, எப்படிக் கேட்பது என்பதில்தான் குழு நிற்கும் அல்லது விழும். உங்களையே வைத்துப் பார்ப்போம். "போன செவ்வாய்க்கிழமை பையனை அடிச்சுட்டேன்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். உடனே ஒருவர் "யோகா பண்ணுங்க" என்பார். இன்னொருவர் "விடுங்க, நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்பார். மூன்றாமவர் தன் அப்பா அடித்த கதையை ஆரம்பித்து உங்கள் பத்து நிமிடத்தையும் தின்றுவிடுவார். மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அறிவுரைக்குப் பதில் கேள்வி மட்டும் என்று வைத்துக்கொண்டால் அதே பத்து நிமிடம் வேறு மாதிரிப் போகும். "அப்ப மணி என்ன இருக்கும்?" பகல் பதினொன்று. "அன்னிக்கு என்ன ஷிப்ட்?" நைட் முடிந்து காலையில்தான் வந்தேன். "தூங்குனீங்களா?" ஒரு மணி நேரம், பையன் டிவி சத்தத்தில் எழுந்துவிட்டேன். "இதுக்கு முன்னாடி அடிச்சது எந்த ஷிப்ட்ல?" இந்த இடத்தில் நீங்களே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பீர்கள். யாரும் அந்த அமைதியை நிரப்ப வேண்டாம். கோபம் என்று நீங்கள் கொண்டுவந்தது பாதிக்குமேல் தூக்கமாக இருக்கலாம். அதை வேறொருவர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: "நீங்க ஏன் ஒரு டாக்டரைப் பார்க்கக் கூடாது?" என்பது கேள்வி இல்லை, வால் முளைத்த அறிவுரை. பதில் தெரியாமல் கேட்பதுதான் கேள்வி. அறிவுரை வேண்டும் என்று பேசியவரே கேட்டால் கடைசி இரண்டு நிமிடம் கொடுங்கள், அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், முதல் மூன்று வாரம் சிரிப்பாக இருக்கும்.

இது புது யோசனையும் இல்லை. 1727-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் (பின்னாளில் பெயர்பெற்ற விஞ்ஞானி, அரசியல் தலைவர்), அப்போது 21 வயது அச்சுத் தொழிலாளி, தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார். கண்ணாடி பொருத்துபவர், நில அளவைக்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர் என்று பெரும்பாலும் உழைக்கிற ஆட்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. அடித்துப் பேசினாலோ ஒருவரை நேருக்கு நேர் மறுத்தாலோ சிறு அபராதம் என்று போகப்போக விதி வைத்தார்கள். அபராதம் உங்களுக்கு வேண்டாம் (பணம் வந்தாலே வம்பு), ஆனால் எதை அடக்க நினைத்தார்கள் என்று பாருங்கள். சோம்பலை இல்லை, வாதத்தை.

ஒவ்வொருவரும் தன் முறையின் முடிவில் ஒரு வாக்குச் சொல்ல வேண்டும், அது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "கோபத்தைக் குறைப்பேன்" செல்லாது. "நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாளில், தூங்கி எழுந்து சாப்பிடும்வரை பையன் படிப்பைப் பற்றிப் பேசமாட்டேன்" செல்லும். பிஎஸ்சி நண்பர் "நல்லாப் படிப்பேன்" என்றால் விடாதீர்கள், எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று கேளுங்கள். அதை ஒரே நோட்டில் அவரவர் கையால் எழுதட்டும். தமிழிலோ மலையாளத்திலோ, வருகிற எழுத்தில். வீட்டில் தமிழ் பேசி மலையாளம் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் பக்கம் நிறைய. அதில் யாரையும் கூச்சப்பட வைக்காதீர்கள். அடுத்த வாரம் அந்த வரியை எடுத்து, நடந்ததா இல்லையா, என்ன குறுக்கே வந்தது என்று மட்டும் கேளுங்கள். கைதட்டல் வேண்டாம், திட்டும் வேண்டாம். கைதட்டல் கிடைத்தவர் அடுத்த முறை தவறினால் மறைப்பார்.

ஷிப்ட் மாறுவதால் நீங்கள் சில வாரம் தவறுவீர்கள். அதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றாதீர்கள். ஒன்று விட்டால் ஒரு மாதம் போய்விடும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாரநடுவில் ஐந்து நிமிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள், ஒற்றைப்படை என்றால் ஓர் இடத்தில் மூவர். வராதவருக்கு அந்த ஜோடிதான் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் நேரமும் இடமும் சொல்ல மட்டும். அட்மின் மட்டுமே பதிவிடும்படி பூட்டிவிடுங்கள். ஓணம், பொங்கல், பக்கத்துச் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா நடக்கும் சமயம் இதிலெல்லாம் யாரும் வரமாட்டார்கள், முன்கூட்டியே விடுமுறை விட்டுவிடுங்கள்.

பெண்களைப் பற்றி: அவர்களுக்குத் தனிக் குழு நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்காரரைப் பற்றிப் பேசாமல் எந்தப் பெண்ணும் தன்னைப் பற்றிப் பேச முடியாது, அதைத் தெரிந்த ஆண்கள் முன்னால் பேசமாட்டார்கள். "அயல்கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வசதிதான், ஆனால் அந்த வாரம் தவணை கட்டாதவர் வாய் திறக்கமாட்டார். பெண்களுக்கு எந்த நேரம் ஒழியும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இப்போது குடியை விட நினைக்கும் நண்பர். குறைக்க நினைப்பவர் உங்களோடு உட்காரலாம். ஆனால் தினமும் குடித்து, காலையில் கை நடுங்கி, அதை நிறுத்த மறுபடி குடிக்கிறவர் என்றால், "இன்னியிலிருந்து ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்ற வாக்கை வாங்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அதன் பிறகு குழு. குடிக்கென்றே 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இங்கேயும் நடக்கின்றன, அவருக்கு அதுவும் பொருந்தும்.

யாராவது "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால், பத்து நிமிட விதியும் ரகசிய விதியும் அன்றைக்கு இல்லை. தனியாக விடாதீர்கள், ஒருவர் கூடவே வீடு வரை போகட்டும், அவர் நம்பும் ஒரு வீட்டு ஆளுக்குச் சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம். கேரளத்தின் திஷா உதவி எண் 1056-உம் உண்டு. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். நீங்கள் நண்பர்கள், மருத்துவர்கள் இல்லை என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவதும் நல்லது.

தொடங்கும்போதே "எட்டு வாரம்" என்று சொல்லித் தொடங்குங்கள். எட்டாவது வாரம் தொடரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்பவர்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். சாகும்வரை என்று ஆரம்பித்தால் விலகுகிறவர் கூசிக்கொண்டு சொல்லாமலே நின்றுவிடுவார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். நன்றாக நடந்தால் வேறு தொந்தரவு வரும்: ஆளாளுக்கு ஒரு மச்சானை, ஒரு நண்பனைக் கூட்டிவரக் கேட்பார்கள். பிராங்க்ளினின் கூட்டத்திலும் இதே பிரச்சினை வந்தது. அவர் வட்டத்தைப் பெரிதாக்க ஒப்பவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு புதுக் கூட்டம் தொடங்கட்டும் என்றார், ஐந்தாறு தொடங்கவும் செய்தார்கள். உங்களிடம் கேட்பவருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் விதிகளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், ஆட்களை அவர் தேடட்டும். முதல் இரண்டு வாரம் மட்டும் உங்களில் ஒருவர் போய் மணி பார்க்கிற வேலையைச் செய்துவிட்டு வரலாம்.