சீரான முடுக்கம்: கேட்டார்கள், சொல்கிறேன்

வேளச்சேரியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். தேர்வு நெருங்கியதும் 'இயக்கம்' பாடத்தில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மிஸ், மூன்று சூத்திரமும் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்ததும் எதைப் போடுவது என்று தெரியவில்லை. (ஒன்பதாம் வகுப்பு, சைதாப்பேட்டை)

u (தொடக்கத் திசைவேகம்), v (இறுதித் திசைவேகம்), a (முடுக்கம், அதாவது திசைவேகம் விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது), s (இடப்பெயர்ச்சி, ஒரே திசையில் போனால் கடந்த தொலைவு), t (காலம்) என்று மொத்தம் ஐந்து பேர். மூன்றைக் கொடுத்து, ஒன்றைக் கேட்பார்கள். ஐந்தாவது ஆள் கணக்கில் தலைகாட்டவே மாட்டார். அவர் யாரென்று பார். s இல்லையா, v = u + at. v இல்லையா, s = ut + ½at². t இல்லையா, v² = u² + 2as. 'ஓய்வுநிலையிலிருந்து' என்றால் u = 0, 'நின்றது' என்றால் v = 0. இவற்றை எண்ணாகத் தராமல் சொல்லாகத் தருவார்கள். கிமீ/மணியை முதலிலேயே 5/18-ஆல் பெருக்கி மீ/வி ஆக்கிவிடு. மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

கோடம்பாக்கத்தில் கிளம்பி மாம்பலத்தில் நிற்கும் மின்சார ரயிலுக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்துமா? என் மகன் போட்டான், விடை தப்பாக வந்தது. (ஒரு அப்பா, அசோக் நகர்)

முழுப் பயணத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டிருப்பான் சார். முடுக்கம் மாறாமல் இருக்கும் வரைதான் இந்தச் சமன்பாடுகள் செல்லும். ரயில் வேகமெடுக்கும், சீராக ஓடும், பிரேக் போடும். மூன்று துண்டு, மூன்று தனிக் கணக்கு.

கணக்குக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். முதல் 30 விநாடியில் 0-விலிருந்து 15 மீ/வி, அதாவது மணிக்கு 54 கிமீ. அடுத்த 40 விநாடி அதே வேகம். கடைசி 25 விநாடியில் நின்றுவிடுகிறது. மகனிடம் திசைவேகம்-காலம் வரைபடம் போடச் சொல்லுங்கள். ஏறும் கோடு, படுத்த கோடு, இறங்கும் கோடு என்று ஒரு சரிவகம் கிடைக்கும். கோட்டின் சாய்வுதான் முடுக்கம்: முதலில் 15/30 = 0.5 மீ/வி², நடுவில் 0, கடைசியில் −0.6. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கடந்த தொலைவு: முக்கோணம் 225, செவ்வகம் 600, இன்னொரு முக்கோணம் 187.5. ஆக 1012.5 மீட்டர். சூத்திரமே தேவைப்படவில்லை, பாருங்கள்.

இன்னொன்று. (u + v)/2 என்று சராசரி எடுப்பது ஒரே முடுக்கம் உள்ள துண்டுக்குள் மட்டும்தான் சரி. முழுப் பயணத்துக்கும் அப்படி எடுத்தால் (0 + 0)/2 = 0, ரயில் கோடம்பாக்கத்திலேயே நிற்கும்! நிஜ ரயிலில் வேகம் கூடக் கூட முடுக்கம் குறையும், கோடு வளையும். அதற்குப் பரப்பு முறை அப்போதும் உதவும், சூத்திரம் உதவாது. அதனால்தான் நான் வரைபடத்தை முதலில் நடத்துகிறேன். பல இடங்களில் அதைக் கடைசியில் அவசரமாக முடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு நொடி நிற்கிறதே, அப்போது முடுக்கம் பூஜ்ஜியம்தானே?

இல்லை. திசைவேகம்தான் பூஜ்ஜியம். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². அதுவும் பூஜ்ஜியம் என்றால் திசைவேகம் மாறவே மாறாது, பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம், 'ஒரு நொடி நிற்கிறது' என்பதும் பேச்சுவழக்குதான். அது ஒரு கணம், நீளமே இல்லாதது.

முடுக்கத்துக்கு மைனஸ் குறி என்றால் வேகம் குறைகிறது என்றுதான் அர்த்தமா? (பதினொன்றாம் வகுப்பு, பெரம்பூர்)

அப்படியில்லை தம்பி. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி என்றால் வேகம் கூடும், எதிர்க்குறி என்றால் குறையும். மேல்நோக்கி பிளஸ் என்று வைத்தால், கீழே விழும் கல்லுக்கு இரண்டுமே மைனஸ். அதன் வேகம் கூடத்தானே செய்கிறது?

g (புவியீர்ப்பு முடுக்கம்) = 9.8 என்றால் முதல் விநாடியில் கல் 9.8 மீட்டர் விழும், சரியா?

4.9 மீட்டர்தான். 9.8 மீ/வி என்பது அந்த விநாடி முடியும்போது இருக்கும் வேகம். தொடங்கும்போது 0, ஆக சராசரி 4.9. அடுத்தடுத்த விநாடிகளில் 14.7, 24.5 என்று 1 : 3 : 5 கணக்கில் போகும். சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி கலிலியோ கண்ட விகிதம் இது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி, சுமார் 54 மீட்டர். காற்றுத்தடையை விட்டுவிட்டால் அதன் உச்சியிலிருந்து விழும் பொருள் 3.3 விநாடியில் தரைக்கு வரும், மணிக்கு சுமார் 117 கிமீ வேகத்தில்.

பைக்கில் 40-இல் போவதற்குப் பதில் 80-இல் போனால், பிரேக் போட்டு நிற்க இரண்டு மடங்கு தூரம் ஆகுமா? (ஈ.சி.ஆர். பக்கம் கல்லூரி மாணவர்)

நான்கு மடங்கு. v = 0 என்று வைத்தால் s = u²/2a, வேகத்தின் வர்க்கம். பிரேக் 5 மீ/வி² வேக இறக்கம் தருகிறது என்று கொண்டால் 40-க்கு 12 மீட்டர், 80-க்கு 49 மீட்டர். கண் பார்த்து கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடி போனால் முறையே 11, 22 மீட்டர் கூடுதல். ஆக 23-க்கு எதிராக 71. ஹெல்மெட் போட்டுக்கொள்ளப்பா.

t-க்கு இரண்டு விடை வருகிறது மிஸ். எதை அடிப்பது?

அவசரப்பட்டு அடிக்காதே. தரையிலிருந்து 20 மீ/வி-இல் மேலே எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? g = 10 என்றால் 15 = 20t − 5t², t = 1 அல்லது 3. இரண்டும் சரி: ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை.

அதே பந்தை 25 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து எறிந்தால் தரையைத் தொடுவது எப்போது? s = −25 என்று போட்டால் t = 5 அல்லது −1. இங்கே 5-ஐ எடு. ஆனால் −1 குப்பையில்லை: யாராவது ஒரு விநாடி முன்னால் தரையிலிருந்து 30 மீ/வி-இல் எறிந்திருந்தால், அந்தப் பந்து மாடியைக் கடக்கும்போது இதே 20 மீ/வி-இல்தான் போயிருக்கும். v² = u² + 2as போட்டுப் பார், வரும்.