மானிட்டரை விட்டுக் குழந்தையைப் பாருங்கள்

கேள்வி: 31 வாரத்திலேயே எனக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. இன்றோடு மூன்று நாள். எடை 1,450 கிராம். மூச்சு விடச் சிரமப்படுகிறான் என்று பிறந்த உடனே என்ஐசியூவுக்கு, அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, கொண்டுபோய்விட்டார்கள். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், நெஞ்சு முழுக்க ஒயர். கிட்டே போகவே கை நடுங்குகிறது. மெஷின் கத்தும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது. எத்தனை நாள் இப்படி இருப்பான்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஒயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதிப் பயம் போய்விடும். நெஞ்சில் ஒட்டியிருப்பவை இதயத் துடிப்பையும் மூச்சையும் எண்ணுகின்றன. பாதத்தில் சுற்றி, சிவப்பாக ஒளிர்வது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது. இவை எதுவும் உள்ளே குத்தவில்லை, வலிக்காது. வாயில் போட்டிருப்பது பெரும்பாலும் இரைப்பைக்குப் போகும் குழாய். பால் அதன் வழியாகத்தான் போகும்.

மூக்கில் இருப்பது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிபாப் கருவியாக இருக்கலாம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் தேவை. 31 வாரத்தில் அது போதுமான அளவு சுரந்திருக்காது. அதனால் ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும், ஈரமான பாலிதீன் பையைப்போல அறைகள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டவிடாமல் சிபாப் காற்றழுத்தம் கொடுத்துத் திறந்து வைக்கிறது. மூச்சு விடுவது உங்கள் மகன்தான். இது போதவில்லை என்றால் சர்ஃபாக்டன்ட் மருந்தை மூச்சுக்குழாய்க்குள் கொடுப்பார்கள், சில நாள் வென்டிலேட்டரும் வைக்கலாம். வென்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். அவர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இனி அந்தச் சத்தம். குழந்தை காலை உதறியதும் பாதத்தில் சுற்றியது நழுவி அலாரம் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும். உண்மையிலேயே மூச்சு நின்று அடிப்பதும் உண்டு. மூச்சை ஆளும் மூளைப் பகுதி இன்னும் முதிராததால், குறைமாதக் குழந்தைகள் சில நேரம் 20 நொடிக்கு மேல் மூச்சு விட மறந்துவிடும், இதயத் துடிப்பும் குறையும். நர்ஸ் வந்து முதுகிலோ உள்ளங்காலிலோ தேய்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப மூச்சு வந்துவிடும். இதற்கு மருந்தும் இருக்கிறது: காஃபின். ஆமாம், காபியில் இருக்கும் அதே காஃபின்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு, கர்ப்பக் கணக்கில் 34 முதல் 36 வாரம் ஆகும்போது இந்தத் தொல்லை அடங்கிவிடும். அலாரம் அடித்ததும் அனுபவமுள்ள நர்ஸ் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

திரையில் ஆக்ஸிஜன் அளவு 93 என்று இருந்தால், ஏன் 100 ஆக்கவில்லை என்று சண்டைக்குப் போகும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிஜன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை வைப்பதே வழக்கம். அளவுக்கு மிஞ்சினால் விழித்திரை கெடும்.

நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வேலை பால். 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது, இரவிலும் ஒரு முறை, கையாலோ பம்பாலோ எடுங்கள். குறைமாதப் பிரசவத்தில் பால் ஊறத் தாமதமாகலாம். சில சொட்டுதான் வருகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சீம்பால் சொட்டுகளை வாய்க்குள் தடவிவிடவும் பயன்படுத்துவார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி ஒன்று உண்டு. அதற்கு எதிரான நல்ல பாதுகாப்பு தாய்ப்பால். உங்கள் பால் போதாவிட்டால் தானமாகப் பெற்ற தாய்ப்பால் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அடுத்தது தொடுதல். தடவிக் கொடுப்பதும் தட்டிக் கொடுப்பதும் இந்த வயதுக்கு அதிகம். ஒரு கையைத் தலையில் குவித்து, இன்னொரு கையால் மடங்கிய கால்களை அணைத்து, அசைக்காமல் வைத்திருங்கள். சில நிமிடத்தில் உடல் இறுக்கம் தளர்வதைப் பார்ப்பீர்கள். பிறகு கங்காரு பராமரிப்பு: வெறும் மார்பில் குழந்தையைப் படுக்க வைத்து மேலே போர்த்துவது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது இது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம், நாளில் 8 முதல் 24 மணி நேரம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. சிபாப் இருப்பது தடையல்ல. ‘இன்று மார்பில் போட்டுக்கொள்ளலாமா?’ என்று நீங்களே கேளுங்கள். அப்பாவும் செய்யலாம். உள்ளே போகுமுன் மோதிரம், வளையலைக் கழற்றி, முழங்கை வரை கழுவ வேண்டும். சளி பிடித்தவர்கள், யாராக இருந்தாலும், வெளியிலேயே நிற்கட்டும்.

எடை முதல் வாரத்தில் குறையும். 1,300 கிராமுக்குப் போனால் பதறாதீர்கள். பிறந்த எடைக்குத் திரும்பவே பத்துப் பதினான்கு நாள் ஆகும்.

எத்தனை நாள் என்பதற்கு, குழந்தையைப் பார்க்காமல் தேதி சொல்ல முடியாது. 31 வாரத்தில் பிறந்து நல்ல சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வளர்கிறார்கள். உங்கள் பிரசவத் தேதி என்று குறித்திருந்த நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பலர் அதற்குச் சில வாரம் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், குழந்தை கருவி உதவியில்லாமல் மூச்சு விட வேண்டும், சாதாரணத் தொட்டிலில் உடல் சூடு குறையாமல் இருக்க வேண்டும், வாயால் குடித்து எடை ஏற வேண்டும், சில நாள் தொடர்ந்து மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுசேர கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும் என்பதால், வாயால் குடிப்பது கடைசியாகத்தான் வரும். நடுவே சிபாப்பை எடுத்துவிட்டு மறுநாளே திரும்பப் போடுவார்கள். இது சகஜம்.

டாக்டரிடம் தினமும் ஒரே நேரத்தில், இருவரும் சேர்ந்து பேசுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது, இன்று எதைக் கவனிக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்வி போதும். பதிலை எழுதி வையுங்கள். அந்த அறையில் கேட்டது வெளியே வந்ததும் மறந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் உங்களுக்கு அழுகை நிற்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. உங்களைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

மூளைக்கு ஸ்கேன், செவித்திறன் சோதனை இரண்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விட்டுப்போக வாய்ப்புள்ளது கண் பரிசோதனைதான். பிறந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறான் என்று தள்ளிப்போடுகிறார்கள். விழித்திரைக் கோளாறுக்குச் சிகிச்சை செய்யக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களே. டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைக்கான தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.