மாத்திரைக்கு ஒரு மாத்திரை

வணக்கம்.

அப்பாவுக்கு வயது 76. நெடுநாளாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கின. அதற்கு ஃபுரோசமைடு கொடுத்தார்கள். வீக்கம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழ ஆரம்பித்தார். வேறொரு டாக்டர் புராஸ்டேட் என்று டாம்சுலோசின் எழுதினார். அதன்பின் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். அதற்குப் புரோகுளோர்பெராசின், தினம் மூன்று வேளை, ஐந்து மாதமாக ஓடுகிறது. இப்போது கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரிவதில்லை. பார்க்கின்சனாக இருக்குமோ என்று நரம்பு டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள்.

வீட்டு பிரஷர் மெஷினும் ஒருநாள் 150, ஒருநாள் 118 என்று காட்டுகிறது. எதை நம்புவது? இன்னும் எத்தனை டாக்டரைத்தான் பார்ப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நரம்பு டாக்டரைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் போவதற்கு முன் உங்கள் கடிதத்தை நீங்களே தேதிவாரியாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு புதுத் தொந்தரவும் ஒரு புது மாத்திரையின் பின்னாலேயே வந்திருக்கிறது. அதற்கு ஒரு மாத்திரை, அது கொண்டுவரும் தொந்தரவுக்கு இன்னொன்று என்று நீண்டிருக்கிறது. முதியோர் மருத்துவத்தில் இது நன்கு அறியப்பட்ட விஷயம். ரோஷான், குர்விட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களிலேயே இதற்குத் தனிப்பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. கேட்டே ஆகவேண்டிய கேள்வி என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அம்லோடிபினில் தொடங்குவோம். ரத்தக்குழாய்களைத் தளர்த்தித்தான் அது பிரஷரைக் குறைக்கிறது. ஆனால் தமனிப் பக்கத்தைத் தளர்த்தும் அளவுக்குச் சிரைப் பக்கத்தைத் தளர்த்துவதில்லை. வருகிற வழி அகலமாகிறது, போகிற வழி அப்படியே இருக்கிறது. நடுவிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. கசிந்த நீர் இறங்கிக் கணுக்காலில் தங்குகிறது. காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். 5 மில்லிகிராமைவிட 10இல் இது கணிசமாக அதிகம். உடம்பில் நீர் மிகுந்ததால் வரும் வீக்கம் இல்லை என்பதால்தான் நீர் பிரியும் மாத்திரைக்கு இது சரியாகக் கட்டுப்படுவதில்லை. அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது, அல்லது ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவற்றில் ஒன்றைச் சேர்ப்பது என்று டாக்டருக்கு வழிகள் உண்டு. பின்னவை சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் குறையும். ஆனால் தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த நீர் மாத்திரை, ஃபுரோசமைடு. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிக்கும். எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாலை ஆறு மணிக்கு என்றால் நள்ளிரவு வரை அவர் எழுந்துகொண்டேதான் இருப்பார். இதை வழக்கமாகக் காலையில் கொடுப்பார்கள். இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியத்தோடு முடித்துவிடுவார்கள். காலையில்தான் கொடுக்கிறீர்கள் என்றாலும் இன்னொரு காரணம் மிச்சமிருக்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை இதயத்தின் உயரத்துக்குத் தூக்கி வைத்துப் படுத்தால் அந்த நீரில் ஒரு பகுதி தூங்கப் போகுமுன்பே வெளியேறிவிடும்.

புராஸ்டேட்டா இல்லையா என்பதை ஓரளவு வீட்டிலேயே பிரித்தறியலாம். ஓர் அளவுக் குவளை வாங்கி மூன்று நாள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று குறியுங்கள். தூங்கும் நேரத்தில் போனதையும் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரையும் கூட்டி இரவுக் கணக்காக வையுங்கள். அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், சிறுநீரகம் இரவில் அதிகம் சுரக்கிறது என்று பொருள். அப்படியானால் கால் வீக்கம், நீர் மாத்திரையின் நேரம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மாறாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது, தாரை மெலிந்திருக்கிறது, முக்க வேண்டியிருக்கிறது என்றால் புராஸ்டேட் பக்கம் சந்தேகம் வலுக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இந்த மூன்று நாள் தாள் எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததில்லை என்பது என் கருத்து. ஏனோ இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

டாம்சுலோசின் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலிலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது. ரத்தக்குழாய்த் தசையையும் கொஞ்சம் தளர்த்தும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் ஓடும் உடம்பில் இதுவும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குவதை ஈடுகட்ட முடியாமல் தலை சுற்றும். (கண்புரை அறுவைக்கு என்றைக்காவது போனால், இந்த மருந்து சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்தி நாளாகியிருந்தாலும் சொல்லுங்கள். அறுவையின்போது கருவிழித்திரை தொளதொளத்துப் போகும், தெரிந்திருந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.)

புரோகுளோர்பெராசின்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. காதின் உட்பகுதியிலிருந்து வரும் கடுமையான கிறுகிறுப்பு, வாந்தி போன்றவற்றுக்குச் சில நாள் கொடுக்கிற மருந்து அது. நின்றால் பிரஷர் இறங்கி வரும் தலைசுற்றலுக்கு அதனால் பயனில்லை. போதாததற்கு, நிற்கும்போது பிரஷரை இன்னும் இறக்கக்கூடியது. உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருள் மூளையில் செய்யும் வேலையைத் தடுப்பதும் அதன் குணம். மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களுக்கு நடுக்கம், விறைப்பு, மெதுவான நடை, உணர்ச்சியற்ற முகம் எல்லாம் வரலாம். தலைசுற்றலுக்கே எழுதப்படும் சின்னரிசைனும் இதைச் செய்யும். பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் தொடங்கும். மருந்தால் வருவது பலருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்திப் பார்க்காமலே பார்க்கின்சனுக்கான லெவோடோபா தொடங்கிவிட்டால் அதுதான் அடுத்த கண்ணி. லெவோடோபாவும் நிற்கும்போது பிரஷரை இறக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்றிரவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஃபுரோசமைடு கணுக்காலுக்காக மட்டும்தான் எழுதப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. இதயம் பலவீனமாக இருந்து அதற்காகக் கொடுத்திருந்தால், நிறுத்திய சில நாளில் நுரையீரலில் நீர் கோக்கலாம். பட்டியலில் மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், குளோனிடின், ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை இருந்தால் அவற்றைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. ஆனால் புரோகுளோர்பெராசினைப் பற்றி எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள், அடுத்த செக்கப் வரை தள்ளாதீர்கள்.

பேசப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எல்லாம் என்றால் கண் சொட்டு, களிம்பு, இன்ஹேலர், நாட்டு மருந்து, சீட்டில்லாமல் கடையில் வாங்கிய மாத்திரை வரை எல்லாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் சேர்ந்து நாடித்துடிப்பைக் குறைக்கும், அதுவே தலைசுற்றலுக்குக் காரணமாகலாம். யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூட்டு வலிக்கு அவ்வப்போது போடும் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வீக்கத்தையும் பிரஷரையும் ஏற்றும். சளி மாத்திரையிலுள்ள குளோர்பெனிரமின் சிறுநீரை அடைக்கும். இரண்டு டாக்டர் எழுதிய இரண்டு பிராண்டுக்குள் ஒரே மருந்து இருப்பதும் நடக்கிறது, ஆகவே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து எழுதுங்கள்.

ஒரு தாளில் மருந்து, அளவு, வேளை, எழுதியவர், எதற்காக, தொடங்கிய மாதம் என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வீக்கம், இரவுச் சிறுநீர், தலைசுற்றல், நடுக்கம் எந்தெந்த மாதம் தொடங்கின என்று எழுதுங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதைப் பாதி இந்தத் தாளே சொல்லிவிடும். "எதற்காக" என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாத மாத்திரை இருந்தால் அதைப் பற்றி முதலில் கேளுங்கள். எத்தனை டாக்டர் என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை பேராக இருந்தாலும் மொத்தப் பட்டியலுக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். பொது மருத்துவரோ முதியோர் மருத்துவரோ அதற்குப் பொருத்தம். அன்று சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரையால் சோடியம் இறங்கினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், அதையும் வயதின் மேல் போட்டுவிடுவார்கள்.

இனி மெஷின். 150, 118 இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தால் ஏறும், பேசிக்கொண்டே அளந்தால் ஏறும், கால்மேல் கால் போட்டால் ஏறும், கை தொங்கினால் ஏறும். கைக்குப் பட்டை சிறியதாக இருந்தாலும் ஏற்றித்தான் காட்டும். மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் முன்பிலிருந்து காபி, புகை வேண்டாம். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின், சட்டைமேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். நாடி ஒழுங்கற்றுத் துடித்தால் இந்த மெஷின்கள் தடுமாறும், அப்போது டாக்டர் கையால் அளப்பதுதான் சரி.

இத்தனையும் உட்கார்ந்த நிலைக் கணக்கு. அப்பாவுக்கு வேண்டியது நின்ற நிலைக் கணக்கு, அதை யாரும் எடுக்கவில்லை என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. கையை நெஞ்சு உயரத்தில் நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும், தனியாகச் செய்து பார்க்கக் கூடாது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. காலையில் எழுந்தவுடனும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இந்த இறக்கம் அதிகம். ஒரு நேரத்தில் சரியாக இருந்தால் இன்னொரு நேரத்திலும் பாருங்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை அவர் விழாமல் இருக்க வேண்டும். படுக்கையில் இருந்தபடியே பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டட்டும். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். பிடித்துக்கொண்டு நின்று, பத்து எண்ணியபின் அடி எடுத்து வைக்கட்டும். இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், அதற்குக் கட்டிலருகில் பாத்திரம் வைப்பதில் கூச்சம் வேண்டாம். தலை சுற்றினால் நடந்து போய்ப் படுக்க நினைக்கக் கூடாது, அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். வெந்நீர்க் குளியல் ரத்தக்குழாய்களை விரிப்பதால் சூட்டைக் குறைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ இந்தத் தாள், பட்டியல் எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் அப்படித்தான்.

டாக்டர் குறைக்கச் சம்மதித்தால் ஒரு சமயத்தில் ஒரு மருந்து என்று கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. அம்லோடிபின் உடம்பைவிட்டு மெதுவாகப் போகிற மருந்து, அளவு குறைத்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் கணுக்காலைப் பார்த்து ஏதாவது சொல்லலாம். அந்த நாட்களில் பிரஷரைத் தொடர்ந்து அளந்து வாருங்கள். நடுக்கம் மருந்தால் வந்தது என்றாலும் நிறுத்திய மறுநாளே நிற்காது. வாரங்கள் ஆகும், சிலருக்குப் பல மாதங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அடியில் உண்மையான பார்க்கின்சன் இருந்து மருந்து அதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்திருக்கலாம், அப்போது நரம்பு டாக்டரின் பங்கு பெரிது. தினமும் கூடவே இருப்பவர்களுக்கு மெதுவான மாற்றம் கண்ணில் படாது. அதனால் வாரம் ஒருநாள், ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து ஒரே தூரம் நடந்து திரும்புவதை ஃபோனில் வீடியோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். முதல் வீடியோவை மருந்தை மாற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.