ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் – கடிதம்

வணக்கம் ஐயா,

வங்கிப் பணியில் மாற்றலாகி ஈரோட்டிலிருந்து மதுரைக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. அண்ணா நகரில் வாடகை வீடு. அம்மாவுக்கு மூட்டுவலி, மகளுக்குப் பத்து வயது. ஞாயிறு வந்தால் மீனாட்சி கோயில், இல்லையென்றால் ஏதாவது ஒரு மால் என்றாகிவிட்டது. இரண்டிலும் கூட்டத்தில் நெரிபட்டு, போனபோது இருந்ததைவிடக் களைத்துத் திரும்புகிறோம். கார் கிடையாது. "மதுரையே ஒரு திருவிழாக் கூட்டம், இதில் அமைதிக்கு எங்கே போக" என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். அரை நாளில் போய்த் திரும்பும்படி, அமைதியாக உட்கார ஒரு பூங்காவாவது இந்த ஊரில் உண்டா?

ஒரு வாசகி,
மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

பூங்கா என்ற பெயர்ப்பலகையைத் தேடிப் போனால் உங்கள் அலுவலகத்தார் சொன்னதுதான் மிஞ்சும். தமுக்கத்தை அடுத்த ராஜாஜி சிறுவர் பூங்காவும், மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய சுற்றுச்சூழல் பூங்காவும் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஞாயிறு மாலையில் அங்கே உட்காருவதற்கே இடம் தேட வேண்டியிருக்கும். இந்த ஊரில் அமைதி என்பது வேறு காரியத்துக்காக உண்டான இடங்களில்தான் தங்கியிருக்கிறது என்பது என் நெடுநாள் அனுபவம். பாசனத்துக்காகத் தேக்கிய கண்மாயின் கரை, துறவிகள் ஒதுங்கிய பாறை, ராணியின் கோடை மாளிகையாக இருந்த தோட்டம் என்று அவை ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன.

அண்ணா நகரில் குடியிருக்கும் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது வண்டியூர்க் கண்மாய். ஆட்டோவில் ஏறினால் சில நிமிடங்கள்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து நீர் நிறைந்திருக்கும் மாதங்களில், காலை ஆறு மணிக்கே மகளுடன் கரையில் போய் நின்று பாருங்கள். முக்குளிப்பான் என்றொரு பறவை, வாத்துக்குஞ்சு அளவில், பழுப்பு நிறத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைகுப்புற நீரில் மூழ்கிவிடும். இருபது எண்ணுவதற்குள், நாம் கண் பதித்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு எங்கோ தள்ளி எழும். எங்கே எழும் என்று மகளிடம் பந்தயம் கட்டுங்கள். நான் என் பேரனிடம் கட்டித் தோற்றிருக்கிறேன். கரையில் சில இடங்களில் சாக்கடை வாடை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் நீர் வற்றிவிட்டால் பறவைகளும் இருக்காது.

திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது; அப்போது நாங்கள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். இப்போது வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து மைய மண்டபத்தைச் சூழ்ந்து நிற்கிறது. மாலையில் அங்கே தின்பண்டக் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். விடியற்காலையில் போனால், நடைப்பயிற்சிக்காரர்களை விட்டால் படிக்கட்டு முழுவதும் உங்களுடையதுதான்.

அம்மாவுக்கு ஏற்றது காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் அது. 1959-இல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அரையாடைக்கு மாறியவரின் துணி அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் உடனே வெளியேறிவிடுகிறார்கள். வளாகத்தில் மரநிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சித்திரை வெயிலில் மரநிழலும் போதாது என்றால், 2023-இல் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இனி, உண்மையில் நான் உங்களை அனுப்ப விரும்பும் இடம். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் கீழக்குயில்குடி. சமணர் மலையின் அடிவாரத்தில் ஓர் அய்யனார் கோயில், எதிரே தாமரைக் குளம், சுற்றிலும் பருத்த ஆலமரங்கள். விழுதுகளின் நடுவே அம்மா ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொள்ளலாம். கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகளில் நீங்களும் மகளும் ஏறினால், கொஞ்ச தூரத்திலேயே பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சமணத் திருமேனிகள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்பவர் சமணத் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர். காலில் கொடி சுற்றியிருப்பவர் பாகுபலி. அவற்றின் அடியில் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். ஒன்றில், அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்றிருக்கிறது. வீட்டை விட்டுப் போன மகனைப் பெற்ற ஒரு தாய் தன் பங்குக்குப் பாறையில் விட்டுச் சென்ற அந்த வரியை, எழுத்துப் புரியாவிட்டாலும், மகளுக்கு விரலால் காட்டிக்கொடுங்கள்.

மதுரையைச் சுற்றிய மலைகளைச் சமண மரபு எண்பெருங்குன்றம் என்று சொல்லும். பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலை, இந்த மலை என்று எதை எடுத்தாலும் ஒரு பொது அடையாளம் எனக்குத் தென்படுகிறது. துறவிகள் ஊருக்குள் குடியிருக்க முடியாது. உணவுக்கு ஊரை நம்பியிருந்ததால் வெகுதூரம் விலகிப் போகவும் முடியாது. சந்தடி காதில் விழாத, அதே சமயம் நடந்து போய் வரக்கூடிய தொலைவைத் தேர்ந்திருக்கிறார்கள். கொங்கர் புளியங்குளம் போன்ற இடங்களில், துறவிகள் படுக்கப் பாறையில் செதுக்கிய கற்படுக்கைக்கு மேலே, மழைநீர் குகைக்குள் வழியாமல் இருக்கப் பாறை நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதன் கீழே படுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு யோசித்து வெட்டியது என்று தெரியும். நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கேட்டுக்கொண்டு, விடையையும் வெட்டி வைத்துவிட்டார்கள்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் அப்படிப்பட்டதே. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கான டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஊர்மக்களின் போராட்டத்தால் 2025 ஜனவரியில் ரத்தான செய்தியைப் படித்திருப்பீர்கள். பாறை உச்சியில் கூடு கட்டும் வல்லூறுகளைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு போக இது தோதுப்படாது. மகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். சில ஆண்டுகளுக்கு முன், திருச்சியிலிருந்து வந்த என் மைத்துனர் குடும்பத்திடம் மதுரையின் நிசப்தத்தைக் காட்டுகிறேன் என்று பெருமை பேசி, ஓர் அமாவாசை ஞாயிறன்று கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போனேன். ஆலமரத்தடி முழுவதும் கிடாவெட்டுப் பந்தி. இரண்டு ஒலிபெருக்கிகளில் இரண்டு வெவ்வேறு பாட்டுகள். மைத்துனர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத குடும்பம் கையைப் பிடித்து இழுக்கவே, பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார். கிளம்பும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும் என்பதால் காலை ஏழு மணிக்கு அங்கே இருப்பது நல்லது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

அன்புடன்.