தாமரை விளக்கும் மாமியார் கண்ணும்

அண்ணாச்சி, புது வீட்டுப் பட்டாசலுக்குத் தாமரைப்பூ மாதிரி அக்ரிலிக் விளக்கு வாங்கி மாட்டினோம். பார்க்க அழகுதான். ஆனால் சோபாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால் கண் கூசுகிறது. மாமியார் அதைப் போடவே விடுவதில்லை. வார்ம் வொயிட் பல்பு மாற்றினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

நான் உங்கள் மாமியார் கட்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் இதழெல்லாம் மல்லாந்து கிடக்கிறது, நடுவில் பல்பு அப்பட்டமாகத் தெரிகிறது. 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளையை எடுத்துவிட்டு 2700 என்று போட்டிருக்கும் வார்ம் வொயிட், அதாவது மஞ்சள் சாயல் பல்பு போட்டால் வீடு இதமாக இருக்கும், போடுங்கள். ஆனால் கூச்சம் போகாது. பல்பு மறைந்தால்தான் போகும்.

டென்மார்க் கட்டடக் கலைஞர் பவுல் ஹென்னிங்சன் 1958இல் கோபன்ஹேகன் உணவகம் ஒன்றுக்காக ஒரு தொங்குவிளக்கு செய்தார். ஆர்ட்டிசோக் என்று பெயர். ஐரோப்பாவில் சமைத்துச் சாப்பிடுகிற ஒரு பூமொட்டு அது. நம் ஊர்க் கணக்கில் வாழைப்பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 6 வீதம் 12 வரிசை, ஆக 72 செப்பு மடல்கள். ஒரு வரிசையில் இருக்கும் இடைவெளியை அடுத்த வரிசை மடல் மறைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு தெரியாது. மடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். அவர் மொட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த அடுக்கை. உங்கள் தாமரையைச் செய்தவர் இதழை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். யாரும் அடியில் உட்காராத மாடிப்படி முனையில் மாட்டுங்கள். பட்டாசலுக்கு ஒரு ஓலைக் கொட்டானைக் கவிழ்த்து மாட்டிப் பாருங்களேன். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் சொல்லிவைத்தால் முடைந்து தருவார்கள். பல்பின் நுனி விளிம்புக்கு நாலு விரல் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நான் ஓலைப்பெட்டி முடைகிறேன். விளக்குக் கூடு கேட்டு ஆள் வருகிறார்கள். தீப்பிடிக்குமோ என்று பயம். சாயம் போடலாமா?
– ஒரு வாசகி, திசையன்விளை

குண்டு பல்பு, ஆலஜன் இரண்டையும் மாட்டக் கூடாது என்று வாங்குபவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 9 வாட் எல்இடி போதும். அதற்கும் சூடு உண்டு, ஹோல்டரில் மாட்டுகிற அடிப்பாகத்தில்தான் இருக்கும். மூடிப்போட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். ஆகவே மேலே கை நுழைகிற அளவு திறப்பு விட்டு முடையுங்கள். பல்பு ஓலையைத் தொடவே கூடாது.

சாயம் வெளிப்பக்கம் கரையில் மட்டும் போதும். உள்பக்கம் குருத்தோலையின் வெளுப்பு அப்படியே இருக்கட்டும். சிவப்பும் பச்சையும் வெளிச்சத்தைக் குடித்துவிடும். நல்ல குருத்தோலை பின்னல் வழியாக மஞ்சளாகக் கசியும், அதற்குத்தான் காசு. அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் முடைந்ததை நன்றாகக் காயவைக்காமல் கொடுத்துவிடாதீர்கள், பூஞ்சணம் பூத்துத் திரும்பி வரும்.