பெத்தேல்: நீங்கள் கேட்டவை

எங்கள் ஏரியாவில் மட்டுமே இரண்டு சபைகளுக்குப் பெத்தேல் என்று பெயர். அர்த்தம் என்ன ஐயா?

எபிரேயத்தில் 'பேத்' என்றால் வீடு, 'ஏல்' என்றால் கடவுள். கடவுளின் வீடு. பெத்லகேமில் இருப்பதும் அதே 'பேத்'தான்.

அங்கே முதலில் ஏதாவது கோயில் இருந்ததா?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் 28-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். அண்ணன் ஏசாவுக்குப் பயந்து பெயெர்செபாவிலிருந்து ஆரானுக்குப் போகிற யாக்கோபு, பொழுது சாய்ந்துவிட்டதால் வழியிலேயே ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான், கனவில் வானத்தை எட்டும் ஏணியும் அதில் ஏறி இறங்கும் தூதர்களும். விடிந்ததும் அந்தக் கல்லையே தூணாக நிறுத்தி, எண்ணெய் வார்த்து, பெத்தேல் என்று பெயர் வைக்கிறான். சுவர் இல்லை, கூரை இல்லை, ஆசாரியனும் இல்லை. கட்டட நிதிக்காகவே மூச்சு முட்டும் சபைகள் இந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

12-ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் தாத்தா ஆபிரகாம் காலத்திலேயே பெத்தேல் வருகிறதே?

நல்ல கேள்வி. ஊரின் பழைய பெயர் லூஸ். பின்னால் எழுதுகிறவர் தம் வாசகர்களுக்குத் தெரிந்த பெயரைப் போடுவது வழக்கம்தான்.

இப்போது அது எங்கே இருக்கிறது?

மேற்குக் கரையில், ரமல்லாவுக்கு வடகிழக்கே பெய்தீன் என்ற கிராமம். 1838-இல் அங்கே போன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இதுதான் பெத்தேல் என்றார், பெரும்பாலான ஆய்வாளர்களும் அதை ஏற்கிறார்கள்.

அவ்வளவு புனிதமான இடத்தைத் தீர்க்கதரிசி ஆமோஸ் ஏன் அப்படித் திட்டுகிறார்?

இஸ்ரவேல் நாடு இரண்டாகப் பிரிந்த பிறகு, ஜனங்கள் எருசலேம் ஆலயத்துக்குப் போய்வந்தால் மனம் மாறிவிடுவார்கள் என்று பயந்த வடநாட்டு ராஜா யெரொபெயாம், பெத்தேலில் ஒரு பொன் கன்றுக்குட்டியை வைத்தான், தாணில் இன்னொன்று. பின்னாளில் ஆமோஸ் வந்து கண்டித்தபோது அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா என்ன சொன்னான் தெரியுமா? இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே, இது ராஜாவின் ஸ்தலம் என்றான் (ஆமோஸ் 7:13). கடவுளின் வீடு ராஜாவின் வீடாகிவிட்டது, எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மனசு கனக்கும். இன்னொரு தீர்க்கதரிசியான ஓசியா அதைப் பெத்தாவேன், அதாவது அக்கிரமத்தின் வீடு என்றே அழைக்கிறார். கடைசியில் யோசியா ராஜா அங்கிருந்த பலிபீடத்தை இடித்துப்போட்டான்.

மாலுமிகளின் ஆலயத்துக்கும் இந்தப் பெயர் உண்டாமே?

உண்டு. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் 1832-இல் திறந்த மாலுமிகளின் பெத்தேல் இன்றும் இருக்கிறது, திமிங்கல வேட்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பலகைகளில் பொறித்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட் ஆலன் 1794-இல் தொடங்கிய கறுப்பின மக்களின் சபைக்கும் பெத்தேல் என்றுதான் பெயர்.

வாடகை அறையில் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். பெத்தேல் என்று வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள், யாக்கோபுக்கு அந்த அறைகூட இல்லை. பக்கத்தில் இதே பெயரில் சபை இருந்தால் மட்டும் தெருப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தபால் மாறிப் போகும்.